யுகுலேலேயில் மாயாமாளவகௌளை: நான்கு ஜோடிகளில் அடங்கும் ஒரு ஸ்கேல்

யுகுலேலேயின் நான்கு கம்பிகளையும் சும்மா ஒரு தடவு தடவினால் போதும், சிரிப்பது போல ஓர் ஒலி வரும். காரணம் எளிது. ஜி, சி, ஈ, ஏ என்று சுருதி கூட்டிய அந்தத் திறந்த கம்பிகளே சேர்ந்து சி6 என்ற கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டு) ஆகிவிடுகின்றன. அதனால்தான் யுகுலேலே என்றாலே உற்சாகப் பாட்டு என்று ஆகிப்போனது. இதே குட்டி வாத்தியத்தில் ஏக்கமும் கொஞ்சம் மர்மமும் கலந்த ஒலியைக் கொண்டுவர முடியுமா? முடியும். அதுவும் கழுத்தில் குறுக்கே பதித்த முதல் நான்கு ஃப்ரெட்டுகளைத் தாண்டாமலே.

அந்த ஒலியைத் தரும் ஸ்கேலுக்கு, அதாவது சுர வரிசைக்கு, பெயர்கள் பல. மேற்கத்தியப் பாடங்களில் டபுள் ஹார்மோனிக் என்பார்கள், சில இடங்களில் பைசாண்டைன். அரபு இசையின் ஹிஜாஸ் கார் இதற்கு நெருங்கிய உறவு. இந்துஸ்தானியில் பைரவ் தாட். நமக்கு இது 15-ஆவது மேளகர்த்தா (ஏழு சுரங்களும் வரும் தாய் ராகம்), மாயாமாளவகௌளை. புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் சரளி வரிசையைக் குழந்தைகள் பாடிப் பழகுவது இதில்தான். மேற்கத்தியப் புத்தகத்தில் 'வினோதமான ஸ்கேல்கள்' என்று கடைசியில் வருவது நமக்கு முதல் பாடம். நீங்கள் கர்நாடக இசை கற்றதே இல்லை என்றாலும் இந்த ஒலி காதுக்குப் புதிதாக இருக்காது. இதைக் கற்றுக்கொள்வதில் அது பெரிய சலுகை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏழு சுரத்தை வாசித்துவிட்டால் ராகம் வந்துவிடாது. ராகத்துக்குச் சுரத்தை அசைத்துக் குழைக்கும் கமகம் வேண்டும், அதற்கே உரிய சுரத் தொடர்களான பிடிகள் வேண்டும். இங்கே நாம் கற்கப்போவது ஸ்கேல். அந்த எல்லைக்குள்ளேயே நிறைய இருக்கிறது.

கம்பிக் கணக்கு

கம்பிகளை எண்ணால் சொல்கிறேன். வாத்தியத்தை மடியில் வைத்தால் கூரைக்கு அருகே இருப்பது 4-ஆம் கம்பி (ஜி), அடுத்து 3 (சி), 2 (ஈ), தரைக்கு அருகே இருப்பது 1 (ஏ). '3-1' என்றால் மூன்றாம் கம்பியில் முதல் ஃப்ரெட். '3-0' என்றால் மூன்றாம் கம்பியை அழுத்தாமல் திறந்தபடி மீட்டுவது. சொப்ரானோ, கான்சர்ட், டெனர் மூன்றுக்கும் இதே கணக்குதான். பாரிட்டோன் வைத்திருப்பவர்களுக்கும் ஜோடிகள் இதே இடத்தில்தான் இருக்கும், சுருதி மட்டும் கீழே இறங்கி ஆதார சுரம் ஜி ஆகிவிடும்.

4-ஆம் கம்பி விஷயத்தில் ஒரு வினோதம் உண்டு. வழக்கமான யுகுலேலேயில் அது 3-ஆம் கம்பியைவிட உயர்ந்த சுருதியில் இருக்கும். கிட்டாரிலிருந்து வருபவர்கள் இதில் குழம்புவார்கள். நமக்கோ பின்னால் இது வரமாக மாறும்.

டியூன் செய்தபின் முதல் ஃப்ரெட்டையும் சோதியுங்கள்

திறந்த கம்பிகள் டியூனரில் சரியாக இருப்பது மட்டும் போதாது. 3-1, 2-1 இரண்டையும் அழுத்தி மீட்டிப் பாருங்கள். டியூனர் டி ஃப்ளாட் (சி ஷார்ப் என்றும் காட்டும்), எஃப் என்று காட்ட வேண்டும். ஊசி கூடுதல் பக்கம் சாய்ந்தால் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான். ஒன்று, தேவைக்கு மேல் அழுத்துகிறீர்கள். ஃப்ரெட் கம்பிக்கு மிக அருகில், ஒலி சுத்தமாக வரும் அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். மற்றொன்று, கழுத்தின் தலைப்பகுதியில் கம்பி உட்காரும் 'நட்' உயரமாக இருக்கலாம். அதைச் சரிசெய்யத் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது. நானே அரம் வைத்துத் தேய்க்கப் போய் ஒரு நட்டைக் கெடுத்திருக்கிறேன்.

வேறு எந்த ஸ்கேலிலும் இவ்வளவு கறாராகச் சொல்ல மாட்டேன். இந்த ஸ்கேலின் உயிரே ஒரே ஒரு ஃப்ரெட் இடைவெளிகளில் இருக்கிறது. சட்ஜத்துக்கும் (ச) ரிஷபத்துக்கும் (ரி) நடுவே அந்தக் கடுகளவு தூரம் பிசகினால் ஏக்கமாகக் கேட்க வேண்டியது வெறும் அபசுரமாகக் கேட்கும். புதுக் கம்பி மாட்டியிருந்தால் சில நாட்களுக்குச் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். அதுவரை பாட்டுக்குப் பாட்டு டியூன் செய்ய வேண்டியதுதான்.

நான்கு ஜோடிகள்

சரி, இப்போது ஸ்கேல். ச என்றால் சட்ஜம், ரி ரிஷபம், க காந்தாரம், ம மத்தியமம், ப பஞ்சமம், த தைவதம், நி நிஷாதம்.

ச: 3-0
ரி: 3-1

க: 2-0
ம: 2-1

ப: 2-3
த: 2-4

நி: 1-2
மேல் ச: 1-3

இடைவெளி விட்டு எழுதியது வேண்டுமென்றேதான். எட்டு சுரங்களும் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியும் ஒரே கம்பியில், அடுத்தடுத்த ஃப்ரெட்டில். எட்டு இடங்களை மனப்பாடம் செய்யாதீர்கள், நான்கு ஜோடிகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் முதல் சில வாரம் எட்டு எண்களாகத்தான் ஒப்பித்தேன். கை ஓடியது, காதுக்கு மட்டும் வாய்ப்பாடு சொல்வது போல இருந்தது. ஜோடியாகப் பார்க்க ஆரம்பித்த பிறகே சுரங்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன.

சி மேஜர் ஸ்கேல் ஏற்கெனவே தெரியும் என்றால் வேலை இன்னும் குறைவு. அதில் இரண்டே சுரங்கள் மாறுகின்றன. ரிஷபம் 3-2-இலிருந்து ஒரு ஃப்ரெட் இறங்கி 3-1 ஆகிறது. தைவதம் திறந்த முதல் கம்பியிலிருந்து ஒரு படி இறங்க வேண்டும், அதற்குக் கீழே அந்தக் கம்பியில் இடமில்லை, ஆகவே 2-4-க்குத் தாவுகிறது. கர்நாடக மொழியில் சொன்னால் சங்கராபரணத்தின் சதுஸ்ருதி ரிஷபமும் சதுஸ்ருதி தைவதமும் போய், சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் வருகின்றன. மற்ற ஐந்தும் அப்படியே.

இந்த இரண்டும் இறங்கியதில் இரண்டு பள்ளங்கள் விழுகின்றன. ரி-க இடையே மூன்று ஃப்ரெட் தூரம், த-நி இடையே மூன்று ஃப்ரெட் தூரம். மேஜரிலோ சாதாரண மைனரிலோ அடுத்தடுத்த சுரங்களுக்கு இடையே இவ்வளவு தூரம் கிடையாது. நெருக்கமாக ஒரு அடி, உடனே ஒரு தாவல், மறுபடி நெருக்கமாக ஒரு அடி. அந்த நடைதான் 'இது எங்கிருந்தோ வருகிறது' என்று மேற்கத்தியக் காதுகளை நிமிர வைப்பது. தூரங்களை வரிசையாக எழுதினால் 1, 3, 1, 2, 1, 3, 1. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றுதான், 'விகடகவி' மாதிரி.

விரல்கள்

இடது கையில் ஃப்ரெட்டுக்கு ஒரு விரல்: முதல் ஃப்ரெட்டுக்கு ஆள்காட்டி, இரண்டாவதுக்கு நடுவிரல், மூன்றாவதுக்கு மோதிர விரல், நான்காவதுக்குச் சுண்டுவிரல். கையை நகர்த்தவே தேவையில்லை. ஏறும்போது ஆள்காட்டி, ஆள்காட்டி, மோதிரம், சுண்டு, நடு, மோதிரம் என்று வரும். தைவதத்துக்குச் சுண்டுவிரலைத் தவிர்க்கலாமா என்று ஆசை வரும். தவிர்க்காதீர்கள். மோதிர விரலாலேயே 2-3-உம் 2-4-உம் வாசித்தால் மெதுவாக வாசிக்கும்போது சமாளிக்கலாம், வேகம் கூடியதும் அங்கே ஒரு விக்கல் விழும்.

இறங்கும்போதுதான் உண்மையான சிக்கல். மேல் சட்ஜத்திலிருந்து நிஷாதம், அங்கிருந்து தைவதம்: 1-3, 1-2, 2-4. முதல் கம்பியில் நடுவிரல் இருக்கும்போதே சுண்டுவிரல் பக்கத்துக் கம்பியில் எட்டி உட்கார வேண்டும். பலருக்கு ஏறுவரிசை ஒரே நாளில் வந்துவிடும், இந்த ஒரு திருப்பம் ஒரு வாரம் எடுக்கும். முழு ஸ்கேலையும் திரும்பத் திரும்ப ஓட்டாமல் 'நி த நி த' என்று இந்த இரண்டு சுரங்களை மட்டும் தனியாக எடுத்து, தட்டு எண்ணித் தரும் மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 60 வைத்து, தட்டுக்கு ஒரு சுரமாக வாசியுங்கள். கை சலித்துப்போகும் வரை.

சுருதி இல்லாமல் வாசிக்காதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஸ்கேலின் நிறம் சுரங்களில் மட்டும் இல்லை. அடியில் ஓயாமல் ஒலிக்கும் சட்ஜத்தோடு அவை உரசும்போதுதான் தெரியும். இதே ஏழு சுரங்களை எஃப்-ஐ ஆதாரமாக வைத்துக் கேட்டால் அது ஹங்கேரியன் மைனர், நம் சிம்மேந்திரமத்தியமம். கை ஒன்றுதான். அடியில் நிற்கும் சுருதி மாறியதும் ஊரே மாறிவிடுகிறது.

கைபேசியில் தம்புரா செயலி இருந்தால் 1 கட்டையில் வையுங்கள், அதுதான் சி. இல்லாவிட்டால் யுகுலேலேயே தம்புரா ஆகும். 4-ஆம் கம்பி திறந்தபடி பஞ்சமம், 3-ஆம் கம்பி திறந்தபடி சட்ஜம். வலது கைக் கட்டைவிரலால் இந்த இரண்டையும் மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக மீட்டிக்கொண்டே இருங்கள். காந்தாரத்திலிருந்து மேலே எல்லாச் சுரங்களும் 2-ஆம் கம்பியிலும் 1-ஆம் கம்பியிலும் இருப்பதால் ஆள்காட்டி, நடுவிரல் இரண்டும் அவற்றைப் பார்த்துக்கொள்ளும்.

முதல் பயிற்சி வாசிப்பே இல்லை, கேட்பதுதான். சுருதியின் மேல் ஒவ்வொரு சுரத்தையும் நான்கு தட்டு நிறுத்துங்கள். காந்தாரம் நிம்மதியாக உட்காரும். மத்தியமம் லேசாகக் கீழே சாயப் பார்க்கும். தைவதம் வந்ததும் 4-ஆம் கம்பியின் பஞ்சமம் அதற்கு ஒட்டினாற்போலப் பக்கத்திலேயே ஒலிப்பதால் இரண்டும் உரசும். உயர்ந்த ஜி கம்பி வரமாகும் என்றேனே, இதுதான். தைவதத்தில் நின்று அந்த உரசலைக் கேளுங்கள், பிறகு 2-3-க்கு இறங்குங்கள். கட்டு அவிழ்ந்த மாதிரி இருக்கும். ரிஷபத்தை இப்படிக் கேட்க மேல் ஸ்தாயி ரிஷபத்தை (1-4) எடுங்கள். கீழ் ரிஷபம் 3-ஆம் கம்பியிலேயே இருப்பதால் அங்கே சட்ஜ சுருதி நின்றுவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 1-ஆம் கம்பியைத் திறந்தபடி தெரியாமல் தொட்டுவிட்டால் அது ஏ, அதாவது சதுஸ்ருதி தைவதம். இந்த ஸ்கேலில் அதற்கு இடமில்லை. ஒரே ஒரு முறை ஒலித்தாலும் மேலே சொன்ன சி6 சிரிப்பு எட்டிப் பார்த்துவிடும். கீழ்ச் சுரங்களை வாசிக்கும்போது வலது கையில் சும்மா இருக்கும் ஒரு விரலை முதல் கம்பியின் மேல் லேசாக வைத்து அடக்கிக்கொள்ளுங்கள்.

பழக வேண்டிய வரிசைகள்

புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம், சரளி வரிசையே போதும். முதல் வரிசை நேராக ஏறி இறங்குவது. இரண்டாவது 'ச ரி ச ரி ச ரி க ம' என்று தொடங்கும். அதை இந்த விரல்பலகையில் வாசித்தால், மூன்று முறை முதல் ஜோடி, அப்புறம் இரண்டாம் ஜோடி. யுகுலேலேக்கென்றே எழுதியது போல இருக்கும். மெட்ரோனோம் 60, தட்டுக்கு ஒரு சுரம். தடுக்காமல் மூன்று முறை வந்தால் தட்டுக்கு இரண்டு. வாயால் சுரம் சொல்லிக்கொண்டே வாசியுங்கள். குரல் எப்படியிருந்தாலும் பரவாயில்லை, யாரும் கேட்கப்போவதில்லை.

அடுத்து ஜண்டை வரிசை: ச ச, ரி ரி, க க என்று ஒவ்வொரு சுரமும் இரண்டு முறை. இரண்டாவதைச் சற்று அழுத்தி மீட்ட வேண்டும். வலது கையில் ஆள்காட்டியும் நடுவிரலும் மாறி மாறி வரட்டும். கட்டைவிரலாலேயே எல்லாவற்றையும் வாசிக்கும் பழக்கம் இருந்தால் அதை மாற்ற இதுதான் இடம்.

ஒட்டும் உராய்வும்

நைலான் கம்பியை இழுத்து வளைத்துச் சுருதி ஏற்றுவது யுகுலேலேயில் பெரிதாக எடுபடாது. வீணையில் கம்பியை இழுத்து வரும் கமகத்தை இங்கே எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஆனால் ஜோடிகள் ஒரே கம்பியில் இருப்பதால் ஹாமர் ஆன் அருமையாக விழும். 3-0-ஐ மீட்டி, அது ஒலிக்கும்போதே ஆள்காட்டியால் 3-1-ஐச் சுத்தியல் போலத் தட்டுங்கள். மறுபடி மீட்ட வேண்டாம். ச-வும் ரி-யும் ஒரே மூச்சில் வரும். க-ம (2-0, 2-1), ப-த (2-3, 2-4), நி-ச (1-2, 1-3) எல்லாவற்றுக்கும் இதே வித்தை. எட்டு சுரங்களை நான்கே மீட்டலில் வாசித்துவிடலாம்.

இறங்கும்போது புல் ஆஃப்: த-விலிருந்து ப-வுக்கு வர, மோதிர விரல் 2-3-இல் முன்பே உட்கார்ந்திருக்க வேண்டும். அப்புறம்தான் சுண்டுவிரலைச் சுரண்டி எடுக்க வேண்டும். அது இல்லாமல் எடுத்தால் பஞ்சமத்துக்குப் பதில் காந்தாரம்தான் ஒலிக்கும்.

பள்ளங்களைத் தாண்ட ஜாரு (சறுக்கல்) இருக்கிறது. ரிஷபத்தை 3-1-இல் அழுத்தி, விரலை எடுக்காமல் அதே கம்பியில் 3-4 வரை உரசிக்கொண்டு போங்கள். 3-4-உம் காந்தாரம்தான், திறந்த 2-ஆம் கம்பியின் அதே ஒலி. அதுபோலவே தைவதம் 2-4-இலிருந்து 2-7 நிஷாதம், அடுத்தது 2-8 மேல் சட்ஜம். எல்லாத் தாவலிலும் இதைப் போட்டால் குழைந்து போய்விடும். ஒரு பிடியில் ஒரு இடத்தில் போதும்.

மணி ஓசை

மேலே சொன்ன ஸ்கேலில் ப, த இரண்டை மட்டும் 4-ஆம் கம்பிக்கு மாற்றுங்கள்: ப 4-0, த 4-1. இப்போது வரிசை 3-0, 3-1, 2-0, 2-1, 4-0, 4-1, 1-2, 1-3. ஒவ்வொரு ஜோடியும் தனிக் கம்பியில் வந்துவிட்டது. அழுத்திய விரலை அவசரமாக எடுக்காமல் விட்டால் அடுத்த சுரம் வந்த பிறகும் முந்தையது மணி போல ஒலித்துக்கொண்டிருக்கும். இந்த வாசிப்பு முறையைக் காம்பனெல்லா என்பார்கள், இத்தாலிய மொழியில் சிறு மணி. ரி மறைவதற்குள் க பூக்கும், த அடங்குவதற்குள் நி எழும். வலது கைக்குக் கொஞ்சம் குழப்பம்தான், ம (எஃப்) வாசித்த உடனே கூரைப் பக்கக் கம்பிக்குப் போக வேண்டும். பழகியபின் பழைய முறைக்குத் திரும்ப மனம் வராது. தாழ்ந்த ஜி கம்பி போட்டவர்களுக்கு இது கிடைக்காது. அவர்களுக்கு வேறொரு வசதி: 4-0, 4-1, 4-4 மூன்றும் கீழ் ஸ்தாயி ப, த, நி.

கார்டு வேண்டுமென்றால்

என்னைக் கேட்டால் சுருதியே போதும். ஆனால் கூட ஒருவர் வாசிக்கிறார், அல்லது பாடப் பின்னணி வேண்டும் என்றால், ஸ்கேலுக்குள்ளேயே அடங்கும் கார்டுகள் உண்டு. எண்கள் 4-ஆம் கம்பியிலிருந்து 1-ஆம் கம்பி வரை: சி மேஜர் 0003, டி ஃப்ளாட் மேஜர் 1114, எஃப் மைனர் 1013. சி-யிலிருந்து டி ஃப்ளாட், மறுபடி சி. இந்த இரண்டிலேயே ஸ்கேலின் குணம் வெளிப்பட்டுவிடும். 1114 கைக்குக் கடினமாக இருந்தால் 1113 பிடியுங்கள், டி ஃப்ளாட் மேஜர் 7 ஆகும், அதுவும் ஸ்கேலுக்குள்தான்.

திரும்பி வர ஒரு கார்டு இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த ஜி7 (0212)-ஐப் பிடித்து, 3-ஆம் கம்பியில் இருக்கும் விரலை மட்டும் ஒரு ஃப்ரெட் இறக்கி 0112 ஆக்குங்கள். அந்த ஒரு விரல் இறங்கியதும் முகம் மாறிப்போகும். சாதாரண ஜி7-இல் இருந்த டி இந்த ஸ்கேலுக்கு வெளியே, இறங்கி வந்த டி ஃப்ளாட்தான் நம் ரிஷபம்.

ஒரு விரல் மாறினால் வகுளாபரணம்

நிஷாதத்தை 1-2-இலிருந்து 1-1-க்கு இறக்குங்கள். வேறெதையும் தொடாதீர்கள். காகலி நிஷாதம் போய்க் கைசிகி நிஷாதம் வந்தது, 15-ஆவது மேளத்திலிருந்து 14-ஆவதான வகுளாபரணத்துக்கு வந்துவிட்டீர்கள். மேற்கே இதை ஃபிரிஜியன் டாமினன்ட் என்பார்கள். ஸ்பானிய ஃபிளமெங்கோவின் வாசனை இதில் தூக்கலாக அடிக்கும். கடைசி ஜோடி இங்கே பிரிந்துவிடுவதால் மேல் சட்ஜத்தை எட்டும் ஏக்கம் குறைந்து, இறங்கி வரும் வழி அழகாகிறது. சி7 (0001), பி ஃப்ளாட் மைனர் (3111) இரண்டும் இதில் சேரும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றி மாற்றி வாசித்துப் பாருங்கள். எது எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிகிற வரை.

சொந்தமாக வாசிப்பது

முதல் வாரம் ஒரு கட்டுப்பாடு: எதை வாசித்தாலும் ச-விலோ ப-விலோ முடியுங்கள். 'ச ரி க ரி ச', 'க ம ப த ப', 'ம க ரி ச' என்று மூன்று நான்கு சுரப் பிடிகள், நடுவில் மூச்சு விட இடம். அடுத்த வாரம் காந்தாரத்தில் முடித்துப் பாருங்கள். ரிஷபத்தில் நிறுத்தினால் வாக்கியத்தைப் பாதியில் விட்டது போல இருக்கும். கேட்பவரைத் தவிக்கவிட வேண்டும் என்று தோன்றும்போது அதற்கே பயன்படுத்துங்கள்.

கொஞ்ச நாளில் ஒரு குறை தெரியும். உயர்ந்த ஜி கம்பி உள்ள யுகுலேலேயில் சி-தான் அடிச் சுரம் என்பதால் சட்ஜத்துக்குக் கீழே போய் 'ச நி ச' என்று தொட்டு வர முடியாது. அப்போது ஆதாரத்தை ஏ-க்கு மாற்றுங்கள், தம்புராவை 6 கட்டையில். முதல் கம்பி ஒன்றிலேயே 0, 1, 4, 5, 7, 8, 11, 12 என்று முழு ஸ்தாயியும் இருக்கிறது. கீழே நி 2-4, த 2-1, ப 2-0, ம 3-2, க 3-1. இங்கே திறந்த 2-ஆம் கம்பி பஞ்சமம். முதல் கம்பியில் சுரம் நகர நகர அதையும் சேர்த்து மீட்டிக்கொண்டே போகலாம். இப்போது அடக்க வேண்டியது சி-யும் ஜி-யும், அதாவது முன்பு தம்புராவாக இருந்த அதே 3, 4-ஆம் கம்பிகள். கட்டைவிரல் பழக்க தோஷத்தில் அங்கேதான் போகும்.